பியூட்டன்-2-ஆல், இடக்கையால்

பைசாந்தூவின் இரவுப் பள்ளியில் நான் சைகை மொழிபெயர்ப்பாளர்.
காது கேட்கிற பதினொருவர், கேளாத மூவர்,
உருகுவே ஆற்றுக் குளிர் நுழைகிற ஓர் உடைந்த ஜன்னல்,
கை மாறிக் கை மாறி வரும் மாத்தே குடுவை.

ஆசிரியர் பிதேகாயின் கரும்பலகையோடுதான் பேசுவார்.
மெத்தில் என்பது அவருக்கு ஒரு மூச்சு,
எனக்கு ஐந்து விரலெழுத்து.
டைமெத்தில்பென்டேனை நான் எழுதி முடிப்பதற்குள்
அவர் அடுத்த சேர்மத்தில் ஏறிப் போயிருப்பார்.
பஸ்ஸைத் தவறவிட்டவள் போல
என் கை அந்தரத்தில் நிற்கும்.

மூன்றாம் வாரம், ரொட்டி சுடுகிற வாஷிங்டன் பின்தோஸ்
என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினான்.
விடு. பேர் நாங்கள் வைக்கிறோம்.

பியூட்டேன்: கட்டைவிரல் லைட்டர் தட்டும்.
அசிட்டோன்: நகச்சாயம் துடைக்கும்.
ஃபார்மிக் அமிலம்: எறும்பு கடித்த மணிக்கட்டு துள்ளும்.
எத்தனாலுக்கு மூவரும் மூன்று விதமாகக் குடித்துக் காட்டி
எது சரி என்று வகுப்பு முடியும்வரை சண்டை.

ஆனால் பழகியவர்களுக்குத்தானே பட்டப்பேர்?
ஹெப்டேனை யார் பார்த்தார்கள்?
அங்கே விதி வேண்டியிருந்தது.
விரல்நுனி காற்றில் ஏறி இறங்கும், ஏறி இறங்கும்;
திரும்புகிற ஒவ்வொரு முனையிலும் ஒரு கார்பன்.
ஹைட்ரஜனை வரைவதில்லை.
இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்ததை
எதற்குச் சொல்ல?

ரமோனா சில்வெய்ரா 2-எத்தில்புரொப்பேன் என்று எழுதினாள்.
அப்படி ஒருத்தி உலகத்தில் இல்லை.
நீண்ட சங்கிலி நேராகத்தான் ஓட வேண்டுமா,
மூலை திரும்பிப் போனாலும் அதுதான் முதுகெலும்பு:
2-மெத்தில்பியூட்டேன்.
சலிக்காமல் அழித்தாள். அவள் பிறப்புச் சான்றிதழே
இரண்டு முறை அடித்து எழுதப்பட்டது.

பிறகு அந்த வியாழக்கிழமை, பியூட்டன்-2-ஆல்.
நான்கு திசைக்கு நான்கு உறவு கொண்ட ஒரு கார்பன்.
பின்தோஸ் வலக்கையை நீட்டினான்:
கட்டைவிரல் ஆக்சிஜன் பக்கம்,
ஆள்காட்டி எத்தில், நடுவிரல் மெத்தில்,
முழங்கைக்குள் ஒளிந்துகொண்டது ஹைட்ரஜன்.
தோல் பதனிடும் ஆலையிலிருந்து நேரே வந்திருந்த
அப்ரில் எச்செகோயென் அதையே செய்தாள்,
இடக்கையால்.

எங்கள் மொழியில் அது பிழையே அல்ல.
அப்பா எந்தக் கையிலும் அப்பாதான், மழை எந்தக் கையிலும் மழை.

முதல் தடவையாக ஆசிரியர் பலகையை விட்டுத் திரும்பினார்.
இரண்டு கைகளையும் பார்த்தார்.
ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் பொருத்தச் சொன்னார்.
பொருந்தவில்லை.
விரல்நுனிகளைத் தன் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொல்லி
சுண்ணாம்புத் துண்டால் எண்ணினார், ஒன்று, இரண்டு, மூன்று.
பின்தோஸின் வலக்கை இடஞ்சுழி.
அப்ரிலின் இடக்கை வலம்புரி.

அவள் என்னைப் பார்த்தாள், நான் தப்பாகச் சொல்லிவிட்டேனோ என்று.
திரும்பச் சொன்னேன்.
சின்ன வயதில் பென்சிலைப் பிடுங்கிப் பிடுங்கி
மறு கையில் திணித்தவர்களிடம்
இதை யார் போய்ச் சொல்வது, என்று கேட்டாள்.
அதை நான் குரலில் பெயர்க்கவில்லை.
அது வகுப்புக்கான கேள்வி அல்ல.

தேர்வில், மேசைக்கு அடியில் அவள் இடக்கை அசைந்தது.
யாரோடு பேசுகிறாய் என்று மேற்பார்வையாளர் வந்தார்.
ஒரு சேர்மத்தோடு, என்று சொன்னேன். நம்பவில்லை.
கையை மேசைமேல் வைத்தாள்,
விரல்களை மடக்காமல்.

அன்றிரவு எனக்கும் ஒரு பேர் வைத்தார்கள்.
காற்றில் ஒரு கோணல் கோடு;
அதன் முனையில், எதையும் வரையாமல்,
ஒரு விரல் தொட்டு விலகும்.
மூவரும் சிரித்தார்கள்.
எனக்குப் புரிந்தபோது பஸ் பாலம் தாண்டியிருந்தது.