மூன்றாவது பாட்டில் காவிரி

கம்மனஹள்ளியில் ஒரு வீட்டின் கீழ்த்தளம்,
மணிக்கு எழுநூறு ரூபாய்.
கதவில் முட்டை அட்டை.
சுவரில், எந்தக் கல்யாண மண்டபத்திலோ
கழித்துப் போட்ட சிவப்புக் கம்பளம்.
மூக்கை வைத்தால் இன்னும் பன்னீர் வாசனை.

ஜெரோம் டிரம்ஸ், இம்தியாஸ் கிதார்,
பாடுவது நவமணி.
நான் பேஸ்.
கைப்பேசியில் கேட்டால் நான் இருக்கமாட்டேன்.
முழு ஆல்பத்தையும் கேட்டு முடித்த அம்மா
"இதுல நீ எங்கடி வர்றே?" என்றாள்.

எட்டுப் பாட்டு, பதினோரு இரவு.
பகலில் சிவாஜிநகர் கடையில்
கண்ணாடிக்குப் பவர் பார்ப்பேன்:
இது தெளிவா, இதுவா,
முன்னே இருந்ததா, இப்போது இருப்பதா?
இரவில் அதே கேள்வியை
ஹெக்டே எங்களிடம் கேட்பார்,
பதினாறாவது டேக்கையும் பதினேழாவதையும்
மாற்றி மாற்றி ஓட்டிவிட்டு.

மூன்றாவது பாட்டு மட்டும் அமையவே இல்லை.
ஜெரோம் முந்துவான், நான் பின்தங்குவேன்,
இரண்டாம் சரணத்தில் நவமணிக்கு இருமல் வரும்.
செவ்வாய் விடிகாலை நாலே கால்.
இன்னும் ஒன்று, கடைசி,
சத்தியமாகக் கடைசி.
அதில்தான் எல்லாம் கூடி வந்தது.
கூடி வந்த நொடியில்
மாடியிலிருந்து வீட்டுக்கார அம்மாள்
"நீரு பந்த்து!" என்று கத்த
சம்ப்பில் மோட்டார் போட்டார்கள்.

சுவர் முனகியது.
ஹெக்டே தலையில் கைவைத்துக்கொண்டார்.
நான் நிறுத்தவில்லை.
என் தடித்த கம்பி எந்தச் சுருதியில் அதிர்ந்ததோ
அதே சுருதியில் மோட்டார்.
இரண்டு நிமிடம் நாற்பத்தோரு விநாடியிலிருந்து
நாங்கள் ஐந்து பேர்.

கழுவி எடுத்துவிடலாம், என்றார் ஹெக்டே.
எடுங்கள், என்றான் இம்தியாஸ்.
பைக்கை விற்றவன் அவன்,
சுத்தமாகக் கேட்க அவனுக்கு உரிமை உண்டு.
ஜெரோம் வேண்டாம் என்றான்.
தண்ணீருக்காக ஊர் எரிந்த ஒரு வருடம்
அவன் அப்பா ராத்திரியோடு ராத்திரியாகத்
தையல்கடைப் பலகையில்
தமிழ் எழுத்துகளின்மேல் சுண்ணாம்பு அடித்தாராம்.
முதல் தடவை போதாமல்
காலையில் திரும்பவும் தெரிந்ததாம்.
இதை அவன் அதற்குமுன் சொன்னதில்லை.
அதற்குமேல் சொல்லவும் இல்லை,
குச்சியை முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தான்.

எடுக்கவில்லை.

வெளியாகி ஐந்து மாதம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு முறை கேட்கப்பட்டிருக்கிறது,
அதில் எண்பது நவமணியின் சித்தப்பா.
இம்தியாஸ் இப்போது மெட்ரோவில் வேலைக்குப் போகிறான்.
மூன்றாவது பாட்டு வந்தால்
தள்ளிவிடுவதாகச் சொன்னான்.

வாடகைப் பாக்கியைக் கொடுக்கப் போனபோது
வீட்டுக்கார அம்மாளுக்குப் போட்டுக் காட்டினோம்.
தமிழ் அவருக்குப் பாதி புரியும்.
முதல் பாட்டுக்குத் தலையாட்டினார்,
இரண்டாவதில் கீரை ஆய்ந்தார்.
மூன்றாவது முடிவதற்குள்
சட்டென்று எழுந்துபோய்
மோட்டார் சுவிட்சைப் பார்த்துவிட்டு வந்தார்.