ஐந்து பன்னிரண்டு

பிராகில் வாடகை
சம்பளத்தின் முக்கால்வாசியைத் தின்னும் என்பதால்
ஐம்பது நிமிடம் தள்ளி
சர்க்கரை ஆலையும் பம்பர் தொழிற்சாலையும் உள்ள
இந்த ஊருக்கு வந்தேன்.
ஊர்ப்பெயரில் ஏழு எழுத்து.
உயிர் ஒன்றே ஒன்று.

இவர்கள் மொழி அப்படித்தான்.
விரலுக்கு ப்ர்ஸ்ட். கழுத்துக்கு க்ர்க்.
ஓநாய்க்கு வ்ல்க்.
உயிர் இல்லாமல் மெய் இயங்காது என்று
இரண்டாம் வகுப்பில் படித்தவள் நான்.
இங்கே இயங்குகிறது.
மைனஸ் ஏழில், இரண்டாம் நடைமேடையில்,
கைகளை அக்குளில் செருகிக்கொண்டு
ஐந்து பன்னிரண்டுக்காக நிற்கிறது.

கடைசிப் பெட்டியில் நாங்கள் பதினோரு பேர்.
ஏறும்போது ஒரு தலையசைப்பு,
அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.
குறுக்கெழுத்துக்காரர், மூன்றாம் சன்னல்.
பிளாஸ்க்கார அம்மா.
உட்கார்ந்ததும் தூங்கி
இறங்குமிடத்துக்கு அரை நிமிடம் முன் விழிக்கும்
சிவப்புக் காலணி நர்ஸ்.
எனக்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்களோ,
பச்சைக் குல்லாய் என்றிருக்கலாம்.

அக்டோபர் முதல் மூன்று மாதம்
ஆலையில் கிழங்கு வேகும்.
ஊரே ஒரே சட்டியில் வேகிறாற்போல் வாடை.
துவைத்த தலையணை உறையிலும் அதுதான்.

ஸ்டேஷன் எதிரே கடை வைத்திருக்கும் ஹன்
ஹைஃபோங்கிலிருந்து வந்து இருபத்தாறு வருடம்.
ஊர் அவளை ஹானா என்கிறது.
அவளுடைய உடைந்த செக்
என் உடைந்த செக்கைவிட வேகமாக ஓடும்.
பச்சைமிளகாயை நிறுத்தபடி சொன்னாள்:
முதல் பத்து வருடம்தான் கஷ்டம்.

நகராட்சிக்கு வெளியே கண்ணாடிப் பலகை.
யாராவது போய்விட்டால் கறுப்புக் கரையிட்ட தாள் வரும்.
படம் இருக்காது.
பெயர், வயது,
எந்த மண்டபம், எத்தனை மணி.
சாவுக்கு இவர்கள் சொல் ஸ்ம்ர்ட்.
அதில் உயிர் இல்லாததையாவது
ஒப்புக்கொள்ளலாம்.

ஜனவரியில் ஒரு புதுத் தாள்.
போஹுமிர் ஸ்ட்ர்னாட், அறுபத்தொன்று.
யார்?
பலகையிடம் பெயர் இருந்தது, முகம் இல்லை.
என்னிடம் பத்து முகம் இருந்தன,
ஒரு பெயர் இல்லை.
மறுநாள் ரயிலில் எண்ணினேன்.
மூன்றாம் சன்னலில் பேனா ஓடிக்கொண்டிருந்தது.
காலணி, பிளாஸ்க், எல்லோரும்.
நிம்மதியாக இருந்தது.
அப்புறம் வெட்கமாக.
ஸ்ட்ர்னாட் எந்த ரயிலின் ஆளோ,
அங்கே யார் எண்ணினார்களோ.

பிப்ரவரியில் எனக்குக் காய்ச்சல்.
ஒன்பது நாள்.
படுக்கையிலிருந்தே கேட்கும்
ஐந்து பன்னிரண்டு கிளம்புவது.
ஒரு நாள்கூடத் தாமதிக்கவில்லை.

பத்தாம் நாள் ஏறினேன்.
பேனா நின்றது.
பிளாஸ்க்கார அம்மா பக்கத்து இருக்கையிலிருந்த பையை
மடிக்கு மாற்றினார்.
வேகமாக ஏதோ சொன்னார். விழித்தேன்.
மறுபடி சொன்னார், மருந்துச் சீட்டை
விளக்குகிற மாதிரி, ஒவ்வொன்றாக:

உன்னைக் காணோம்.
பலகையில் பார்த்தோம்.
உன் பெயர் எங்களுக்குத் தெரியாது.
அதனால் எல்லாத் தாளும் படித்தோம்.

நர்ஸ் தூங்கவில்லை.

யாழ்மொழி, என்றேன்.
இரண்டாம் முறை, இன்னும் மெதுவாக.
பிளாஸ்க் மூடியில் எனக்கும் கொஞ்சம்
எலுமிச்சைத் தேநீர் வந்தது,
சர்க்கரை ஆலை ஊரில் சர்க்கரையில்லாமல்.
குறுக்கெழுத்துக்காரர் தாளின் ஓரத்தில்
என் பெயரை எழுதத் தொடங்கி
இரண்டு இடத்தில் நிறுத்தி
பேனாவை என்னிடமே நீட்டினார்.

அந்த எழுத்தை இவர்கள் எழுத்தில்
எப்படிப் போடுவது என்று நான் யோசிப்பதற்குள்
பாலம் வந்துவிட்டது.
பாலத்தில் வண்டி எப்போதும் கத்தும்,
யார் பேசினாலும் கேட்காது.