மேற்குச் சுவர்

ஏழு வருடம்
வாடகைச் சுவர்களில் ஒட்டிப் பிழைத்தேன்.
எல்லாம் பசைக் கொக்கிகள்.
நாற்பது டிகிரி பகலில் இளகி
நள்ளிரவில் ஒவ்வொன்றாய் விழும்.
முதலில் நாள்காட்டி,
பிறகு கண்ணாடி.
மூன்று மாதத்துக்கொருமுறை ஏஜென்ட் வந்து
சுவரைத் தொட்டுப் பார்ப்பாள்,
காய்ச்சல் இருக்கிறதா என்பதுபோல.

இப்போது கேனிங் வேலில்
இரண்டு அறை, ஓர் எலுமிச்சை மரம்,
முப்பது வருடக் கடன்.
மேற்கு ஜன்னலுக்கு மட்டும் திரை இல்லை.
மூன்று மணிக்கு வெயில் உள்ளே வந்து
சோபாவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிடுகிறது.

பிரிஸ்பேனிலிருந்து அண்ணன் செம்பியன் சொன்னான்:
பன்னிரண்டு வோல்ட் போதும், சின்னதா வாங்கு.
அவன் வீடு மரம்.
ஆணியைக் காட்டினாலே வழிவிடும்.
பெர்த்தில் சுவர் என்றால் செங்கல்,
அதற்குப் பின்னால் இன்னொரு செங்கல்.
அவரவர் சுவர் அவரவருக்கு.

சனிக்கிழமை. கடை வாசலில்
சாசேஜோடு வெங்காயம் வதங்கும் வாசனை.
உள்ளே பதினான்காம் வரிசையில்
பச்சை, மஞ்சள், நீலம், சிவப்பு என்று
கட்சிக்கொடிகள்போல் ட்ரில்கள்.
ஒரு பேட்டரி வாங்கினால் போதும்,
ஆயுள் முழுக்க அந்தக் கட்சிதான்.

கடைக்காரர் என் தோளைத் தாண்டிப்
பின்னால் நின்றவரிடம் பேசினார்:
"உங்கள் மனைவிக்கு லேசாக ஒன்று..."
அந்த மனிதர் கையில் தோட்டக் குழாய்.
"இவரை எனக்குத் தெரியாதே" என்றார்,
பாவம், போலீஸிடம் சொல்வதுபோல.

நான் பல் மருத்துவரின் உதவியாளர்.
ஒரு நாளைக்கு முப்பது முறை
ட்ரில்லை எடுத்து இன்னொரு கையில் கொடுப்பவள்.
எந்த பேரிங் இந்த மாதம் தாங்காது என்று
பக்கத்து அறையிலிருந்தே சொல்வேன்.
"பேட்டரி போடுங்கள்.
ஓட்டிக் காட்டுங்கள்."

மஞ்சள், உறுமலில் சூரன்.
பிட்டை மாட்டினால் நுனி தலையாட்டுகிறது.
நீலம் நல்ல பிள்ளை;
ஆனால் சுத்தியல் அடி கிடையாது,
செங்கலிடம் கெஞ்சத்தான் முடியும்.
மலிவாய் ஒன்று, ஒரே பேட்டரியோடு.
அது சார்ஜ் ஏறும்வரை
ஏணியில் நிற்பது யார்?

கடைசியில் பச்சை.
பிரஷ் இல்லாத மோட்டார், பதினெட்டு வோல்ட்,
இரண்டு பேட்டரி, ஐந்து வருட உத்தரவாதம்.
தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து
நூறுவரை எண்ணினேன்.
வரிசையே வேடிக்கை பார்த்தது.
அறுபதில் தோள் கேள்வி கேட்டது,
எண்பதில் மணிக்கட்டு.
நூறில் இறக்கினேன்.
சரி, இது.

வீட்டில் பென்சில் குறி.
மட்டப்பலகையின் குமிழி நடுவில்.
பிட்டில் ஐம்பது மில்லிமீட்டருக்கு ஒரு நீல டேப்.
தூசிக்குக் கீழே
மின்கட்டண உறையை வாய்பிளந்து ஒட்டினேன்.
விரலை விசையில் வைத்த பிறகும்
அழுத்த வரவில்லை.
ஏணியில் நின்றபடி மனது
கடிதம் எழுதத் தொடங்கியிருந்தது:
மதிப்புக்குரிய ஏஜென்ட் அவர்களுக்கு,
ஒரே ஒரு துளைக்கு...

எந்த ஏஜென்ட்?

பல்லில் மேலே கடினம், உள்ளே மெது.
சுவர் தலைகீழ்:
பூச்சு வெண்ணெயாய் இறங்கி
செங்கல் வந்ததும் குரல் மாறியது.
"வலித்தால் இடக்கையைத் தூக்குங்கள்" என்றேன்,
பழக்கதோஷம்.
சுவர் எதையும் தூக்கவில்லை.
உறைக்குள் கால் தேக்கரண்டி
மிளகாய்த்தூள்போல் உதிர்ந்தது
என் வீடு.

இரண்டாவது துளை நான்கு மில்லிமீட்டர் இறங்கிவிட்டது.
குறை ட்ரில்லுடையது அல்ல,
அவசரம் என்னுடையது.
திரை லேசாய்ச் சாய்ந்து தொங்குகிறது;
ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு
வெயில் வருகிறது.
அவ்வளவுதானே, வந்துவிட்டுப் போகட்டும்.

சார்ஜரில் பச்சை விளக்கு.
இன்னொரு பேட்டரி முழுசாய் மிச்சம்.
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
அறை அறையாய்ச் சுற்றி வருகிறேன்,
வேறெங்கே துளை வேண்டும் என்று
சுவர்களை விசாரித்தபடி.