நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கு

மருந்தியல், இரண்டாம் ஆண்டு.
விருப்பப் பாடம் ஒன்று எடுத்தே தீரவேண்டுமாம்.
செவ்வாய்க்கிழமை மாலை சும்மா கிடந்தது.
புகைப்படம் எடுத்தேன்,
அதாவது, பாடமாக.

அதற்கு முன் படம் என்றால் எனக்கு
அடையாள அட்டை, கேக் வெட்டும் கை,
காலாவதித் தேதி தெரியும்படி
மாத்திரை அட்டையின் முதுகு.
ஆட்டம் என்றால்
கல்யாண வீட்டில் மேசைகளை ஒதுக்கிவிட்டு
ஆண்கள் எகிறிக் குதித்து
முழங்காலைத் தரையில் மோதிக்கொள்வது.
இரண்டையும் கலை என்றவர்களை
மரியாதையாகத் தலையாட்டிக் கடந்திருக்கிறேன்.

முதல் வேலை: "அசைவைப் படம்பிடித்து வா."
குத்தாயிஸியில் அசைவுக்கா பஞ்சம்?
கல்லில் முட்டி முட்டி ஓடும் ரியோனி ஆறு இருக்கிறது.
சந்தை வாசலில் மினிபஸ்கள் இருக்கின்றன.
மழையில் நனைய எனக்குச் சோம்பல்.
அறைத்தோழி எலிசோ ஆடுகிறவள்.
அவள் பின்னால் போனேன்,
ஒருகாலத்தில் டயர்க் கிடங்காக இருந்த
ஒத்திகைக் கூடத்துக்கு.

அக்கார்டியன் மூச்சிழுத்தது.
எலிசோ நடக்கவில்லை.
ஈர மேசையில் தானாக நகரும்
கண்ணாடிக் குவளையைப் போல
இந்த ஓரத்தில் இருந்தாள்,
அந்த ஓரத்துக்குப் போயிருந்தாள்.
தோள் அசையவில்லை. தலை அசையவில்லை.
தரையைத் தொடும் வெள்ளை அங்கிக்குள்
கால் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை.

நாற்பத்தொரு முறை பிடித்தேன்.
ஒரு முறைகூடப் பிடிபடவில்லை.
இரவில் திரையில் பார்த்தால்
நாற்பத்தொரு இடத்தில் ஒருத்தி
வெறுமனே நிற்கிறாள்.
பஸ்ஸுக்குக் காத்திருப்பவள்கூட
இதைவிட அதிகம் ஆடுவாள்.

மறுவாரம் ஷட்டரை இரண்டு நொடி திறந்துவைத்தேன்.
ஒளியும் மருந்து மாதிரிதான்,
ஒரு சொட்டு கூடினால் ஆள் காலி.
எலிசோ கரைந்துபோய்
கூடத்தின் குறுக்கே சிந்திய பாலாகக் கிடந்தாள்.

இரண்டையும் காட்டினேன்.
"இதில் நான் இருக்கிறேன், ஆட்டத்தைக் காணோம்.
அதில் ஆட்டம் இருக்கிறது, என்னைக் காணோம்" என்றாள்,
கட்டைவிரல் பிளாஸ்திரியை உரித்துக்கொண்டே.
பிறகு, "படு, தெக்லே" என்றாள்.
"தரையில்தான். கன்னத்தை ஒட்டி வை."

படுத்தேன். சிமெண்ட் சில்லிட்டது. ரப்பர் வாடை.
அங்கியின் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே
ஒரு விரற்கடை இடுக்கு.
அதற்குள்
தையல் இயந்திர ஊசிபோல இரண்டு பாதங்கள்
குத்திக் குத்தி, பொடிப்பொடியாய்,
எண்ண முடியாமல்.
மேலே ஒரு குளம்
அலையில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

அதையும் எடுத்தேன். சத்தம் கேட்டுவிட்டது.
"அழி" என்றாள்.
"அது ஆட்டமில்லை. என் உழைப்பு."

அழித்தேன்.
சண்டை போட்டிருக்கலாம்,
நல்ல படம், கூர்மையாக விழுந்திருந்தது.
ஆனால் ஆறு வயதிலிருந்து
அவள் மறைக்கப் பழகியதை
ஒரு நொடியின் நூற்றிருபத்தைந்தில் ஒரு பங்கில்
நான் எப்படி அவிழ்ப்பது?

பழைய நாற்பத்தொன்றுக்குத் திரும்பினேன்.
இருபத்து மூன்றாவதில், பின்னல்.
முதுகைவிட்டு அரை அங்குலம் விலகி
அதன் நுனி காற்றில் நின்றது.
அவள் திரும்பியதை
அது ஒன்றுதான்
மறைக்கத் தெரியாமல் விட்டிருந்தது.

அதைக் கொடுத்தேன்.
பத்துக்கு ஆறு. "அசைவு போதவில்லை."

வருத்தமில்லை என்றால் பொய்.
ஆனாலும் மருந்துக்கடைப் பயிற்சியில்
சீட்டை நீட்டிவிட்டுச் சிலையாக நிற்கும் பெண்ணிடம்
கைப்பையின் வார் மட்டும் ஆடிக்கொண்டிருப்பது
இப்போதெல்லாம் என் கண்ணில் படுகிறது.
மாத்திரைகளை இரண்டு முறை எண்ணுகிறேன்.

படம் ஸுக்திதியில்,
எலிசோ வீட்டு ஃபிரிட்ஜில்,
தக்காளிக் காந்தத்தின் கீழே இருக்கிறது.
அவள் அம்மா கேட்டாள்:
"இவ்வளவு செலவழித்துத் தைத்த உடையைப் போட்டுக்கொண்டு
ஏனடி சும்மா நிற்கிறாய்?"
எலிசோ வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.
நானும் வாய் திறக்கவில்லை.
அழித்த படம்
இன்னும் கன்னத்தில் சில்லென்று இருக்கிறது.