மீட்டர் கணக்கு

ஆகஸ்ட் கடைசியில் கேட்டு வருவார்கள்.
கருப்பு பிளாஸ்டிக், இரண்டு மீட்டர் அகலம்,
வெளிச்சம் ஊடுருவாத ரகம்.
தோட்டத்துக்கா என்று முதல் வருடம் கேட்டேன்.
சிரித்தார்கள்.
இப்போது கேட்பதில்லை, வெட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

கடைப் பலகையில் இருப்பது
'எச்செவெஸ்தே மற்றும் மகன்கள்.'
மகன்கள் பிறக்கவே இல்லை.
அப்பா முன்கூட்டியே எழுதிவிட்டார்,
பிறகு நாங்கள் மூன்று பேர் வரிசையாக வந்து
அவர் எழுத்தைப் பொய்யாக்கினோம்.
பெயிண்ட் என் கடையிலேயே இருக்கிறது. ஏணியும்.
இன்னும் ஏறவில்லை.

பிஸ்கே வளைகுடாவின் ஓரத்தில் எங்கள் ஊர்.
எந்தக் காலத்திலோ ஒரு முற்றுகையில் பிழைத்ததற்காக
செப்டம்பரில் ஒரு நாள்
சிவப்புத் தொப்பியும் துப்பாக்கியுமாக
ஆண்கள் அணிவகுப்பார்கள்.
ஒவ்வோர் அணிக்கும் ஒரு பெண், ஒரே ஒரு பெண்,
கையில் விசிறி, முகத்தில் சிரிப்பு,
கழுத்தில் இன்னும் யார் பெயரும் ஏறாதவள்.
அவளைத் தேர்ந்தெடுக்க ஆண்கள் கூடுவார்கள்.
எனக்குப் பத்தொன்பது வயதில் என் பெயரும் அடிபட்டது.
தோள் அகலம் என்றார்களாம்.
சிமென்ட் மூட்டை தூக்கும் தோள், வேறெப்படி இருக்கும்?

முற்றுகையின்போது கொதிக்கும் எண்ணெயைச்
சுவருக்கு மேலே சுமந்தது யார் என்று
மதுக்கடையில் ஒருமுறை கேட்டாள் நெகானே.
கோப்பைகள் எல்லாம்
ஒரே நேரத்தில் மேசையில் இறங்கின.

அவள்தான் பெண்கள் நடக்கும் அணியைத் தொடங்கியவள்.
அதே தொப்பி, அதே மெட்டு, அதே நடை.
அவர்கள் திரும்பும் தெருவில்
இரு பக்கமும் என் பிளாஸ்டிக் எழும்பும்.
பிடித்திருக்கும் விரல்களில் பாதி
நகச்சாயம் பூசியவை.
"நமக்கு என்ன குறை இருந்தது?" என்பாள் எதுர்னே,
ரொட்டி வாங்கும் வரிசையில், என் காதோடு.
அவளுக்கு விசிறி கிடைத்த வருடம் எழுபத்தெட்டு.
புகைப்படம் இன்னும் அவள் வாசலுக்கு நேரே.

அந்தப் பக்கம் நடக்கும்போது என்னதான் தெரியும்
என்று நெகானேயைக் கேட்டேன்.
"காலணிகள்" என்றாள்.
"பிளாஸ்டிக் தரையைத் தொடுவதில்லையே.
காலணியை வைத்தே சொல்லிவிடுவேன்,
இது என் மைத்துனன்,
இது பல் டாக்டர்,
இது அம்மா."

அகலம் இரண்டு மீட்டர்.
தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்கிறார்கள்,
கீழே ஒரு சாண் மிஞ்சுகிறது.
மூன்று மீட்டர் ரகமும் மாடியில் வைத்திருக்கிறேன்.
யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

அதற்காக என்னை நல்லவள் என்று நினைக்க வேண்டாம்.
எட்டு வருடமும் காசு வாங்கினேன்.
போன வருடம் தள்ளுபடிகூடக் கொடுத்தேன்.
அணிவகுப்பு அன்று கதவை இழுத்துவிட்டு
ஆணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன்.
குழல் ஊதுவது கேட்டது. பிறகு சீழ்க்கை, வசவு,
'வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவு' என்று ஒரு குரல்.
அந்தக் குரல் என்னிடம்
இரண்டு மாதமாகப் பாக்கி வைத்திருக்கிறது.
பிறகு மறுபடியும் குழல்.
அதை மறைக்கிற சரக்கு என்னிடமும் இல்லை.

மறுநாள் தெருவில் கிடந்ததை அள்ளி வந்து
பின்கட்டில் கீரைப் பாத்திக்கு விரித்தேன்.
களை வராது. நல்ல சரக்கு.
நாற்று நடும் இடத்தில் மட்டும்
கத்தியால் கீற வேண்டும்.

இன்று காலை எனெக்கோ வந்து
நாற்பது மீட்டர் சொல்லிவிட்டுப் போனார்.
மதியம் அவர் மகள் மாலென். பதின்மூன்று வயது.
ஒல்லியான பிரஷ் வேண்டுமாம்,
பாட்டில் கழுவுவது மாதிரி, ஆனால் இன்னும் ஒல்லி.
எந்த பாட்டிலுக்கு என்றேன்.
பாட்டில் இல்லை என்றாள்.
சில்லறையை எண்ணி வைத்தாள்,
சட்டைக்குள் செருகிக்கொண்டு
தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓடினாள்.

ரசீதுப் புத்தகத்தில் ஒரே பக்கம்.
எனெக்கோ, கருப்பு, நாற்பது மீட்டர், கடன்.
அதற்குக் கீழே
மாலென், பிரஷ், ஒன்று,
ரொக்கம்.