பத்தும் ஐந்தும்

ஊத்துக்கோட்டைக்கு வடக்கே,
ஆந்திராவுக்கு இருநூறு அடி முன்னால்
டயர்களுக்கு மருந்தடிப்பது என் வேலை.
நெல்லூர்ப் பக்கம் கோழிகள் செத்து விழுகின்றன.
வருகிற வண்டி எதுவானாலும் நிற்க வேண்டும்,
சக்கரங்கள் நனைய வேண்டும்,
நம்பர், நேரம், சரக்கு, கையெழுத்து.
நள்ளிரவு தாண்டினால் ஒரு மணி நேரம் எதுவும் வராது.
அப்போது அமெரிக்கா.

தபால்வழி எம்.ஏ., மூன்றாம் தாள்.
குளோரின் நெடியடிக்கும் விரலால் பக்கம் புரட்டுகிறேன்.
இரண்டு சர்வேயர்கள் நட்சத்திரம் பார்த்துக்
கோடு போட்டார்களாம், மைலுக்கொரு கல் நட்டு.
பின்னாளில் கோட்டுக்குத் தெற்கே ஆளுக்கு விலை உண்டு,
வடக்கே இல்லை.
எங்கள் எல்லைக் கல்லில்
ஒரு முகம் தமிழ், ஒரு முகம் தெலுங்கு,
விளிம்பெல்லாம் மாடுகள் முதுகு தேய்த்த வழுவழுப்பு.

ஓடிப்போனவரைப் பிடித்துக் கொடுக்கும் சட்டம்,
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது. ஐந்து மதிப்பெண்.
ஒளித்துவைத்தால் ஆயிரம் டாலர் அபராதம், ஆறு மாதம் உள்ளே.
விசாரிக்கிற அதிகாரிக்கோ
திருப்பி அனுப்பினால் பத்து டாலர்,
விட்டுவிட்டால் ஐந்து.
அனுப்புவதற்குக் காகித வேலை கூடுதல், அதனால்தானாம்.

பென்சிலால் அடிக்கோடிட்டேன்.
பிறகு அதன் மேலேயே பேனாவால்.

தையில், இந்தக் கூடாரம் போட்ட முதல் வாரம்
புல்லட்டில் ஒரு சூளை மேஸ்திரி வந்தான்.
"மூணு பேரு, ஒரு கைக்குழந்தை. போனாங்களா?"
கையை நீட்டினேன், பெரியபாளையம் சாலை.
யோசிக்கக்கூட இல்லை,
வழி கேட்டால் சொல்வதுதானே.
போன வேகத்தில் திரும்பியவன்
டீ வாங்கிக் கொடுத்தான், கூட ஒரு பன்.
பன்னைத் தின்றேன்.
அவன் பின்னால் வந்த டெம்போவில்
தார்ப்பாயை யாரோ உள்ளிருந்து
இழுத்து மூடிக்கொண்டதைப் பார்த்துக்கொண்டே தின்றேன்.

இன்று இரண்டே முக்கால்.
வாய்க்கால் மேட்டிலிருந்து ஒரு பெண்,
கால் இழுத்து நடக்கும் கணவன், எட்டு வயதில் ஒருத்தி.
மூன்று பேரின் முடியிலும் செங்கல் தூசி.
பெயர் செஞ்சம்மா. பன்னிரண்டாயிரம் முன்பணம்,
மூன்று மழைக்காலம் அறுத்தும் கழியவில்லை.
"இருட்டுல எப்படி வழி கண்டீங்க?"
"சூளைப் பொகை முதுகுக்குப் பின்னாலயே இருக்கான்னு
பாத்துப் பாத்து நடந்தோம்."

என் புத்தகத்தில் எல்லோரும் வடமீனைப் பார்த்து ஓடினார்கள்.
இவர்கள் அதற்கு முதுகைக் காட்டி வந்திருக்கிறார்கள்.

மதனப்பள்ளித் தக்காளி வண்டி நின்றது.
நூருல்லாவிடம் நான் சொன்னது ஒன்றுதான்:
திருவள்ளூர், ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசல்.
அவன் நான்கு கூடைகளை மடியில்போல் அணைத்து நகர்த்தி
இடம் பண்ணினான்.
சிறுமி கேட்டாள்,
ஒரு தக்காளி எடுத்துக்கலாமா.

பின்விளக்கு திரும்பி மறையவில்லை,
புல்லட் சத்தம்.

"இறங்குங்க."
முன்சக்கரம். பின்சக்கரம்.
நுரை பத்தவில்லை, மறுபடியும் முன்சக்கரம்.
பெயர், அப்பா பெயர், எங்கிருந்து, எதற்கு.
பேனா எழுதவில்லை. வேறு பேனா தேடினேன்.
ஆர்.சி. புத்தகம். இன்ஷூரன்ஸ் தாள்.
அதைக் கேட்கும் அதிகாரம் எனக்கில்லை, கேட்டேன்.

"போன தடவை நீதானேம்மா கை காட்டின?"
"அப்போ பதிவேடு வரலைங்க.
செருப்பையும் நனைக்கணும், காலைத் தூக்குங்க."

பதினேழு நிமிடம்.
தக்காளி வண்டிக்கு அது போதுமா என்று
எனக்குத் தெரியாது.
நூருல்லாவின் நம்பரை நான் வாங்கி வைக்கவில்லை.
தையில் போன கைக்குழந்தைக்கு
இப்போது பல் முளைத்திருக்கும்.

விடிந்ததும் கணக்கு முடித்தேன்:
முட்டை லாரி பதினொன்று, காய்கறி நான்கு,
இருசக்கர வாகனம் ஒன்று, கோழி இல்லை.
ஆட்கள் என்று ஒரு பத்தி
அந்தப் பதிவேட்டில் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பரீட்சை.