இடது காலுக்கு வேலையில்லை

"இடது கால இல்லெண்டு நினைச்சிக்கங்கக்கா,"
என்றான் இமாஸ், முதல் நாள்,
நாவற்குடா மைதானத்தில்.
இருபத்துமூன்று வயது. காத்தான்குடி.
மாமாவின் லேர்னர்ஸில் தரும் சம்பளம் காணாதென்று
இரவில் கொத்துக் கடையிலும் நிற்கிறான்.
கியர் காட்டித் தரும் விரல்களில்
வெங்காய மணம்.

இல்லையென்று நினைக்கலாம்.
கால் ஒத்துக்கொள்ள வேண்டுமே.
பத்தொன்பது வருடம் தையல் மெசின் மிதித்த கால் அது.
இரண்டும் சேர்ந்து மிதித்தால்தான் ஊசி இறங்கும்.
ஒன்று போன இடத்துக்கு மற்றது
போகாமல் இருந்ததில்லை.
பிரேக் என்றான்.
இரண்டும் பாய்ந்தன.
அவன் நெற்றி கண்ணாடிக்கு நாலு விரல் தூரத்தில் நின்றது.
"யா அல்லாஹ்," என்றான்.
பிறகு சிரித்தான்,
பெல்ட்டைப் போட்டுக்கொண்டான்.

சீட்டுக் காசில் எடுத்த பழைய விட்ஸ்.
வெள்ளை, ஒரு கதவு மட்டும் கொஞ்சம் வேறு வெள்ளை.
"ஓட்டோ கியரா?" என்றார் மைத்துனர் சந்திரபவான்,
"அதுக்குத் தாறது அரை லைசன்ஸ்."
முழு லைசன்ஸ் வைத்திருக்கும் அவர்
இதுவரை இரண்டு தரம்
இரவல் கேட்டு வந்துவிட்டார்.

நாலே நாலு எழுத்து.
பீ என்றால் கட்டிப்போட்ட மாடு.
ஆர் என்றால் பின்பக்கம்.
டீ என்றால் போகும்.
நடுவில் இருக்கிறது என்.
என் என்று எழுதியிருக்கும் இடத்தில்தான்
வண்டி எவருடையதும் இல்லை.
நிலம் சரிந்த பக்கம் உருளும்.

"பிரேக்க மெல்ல விடுங்க."
விட்டேன்.
நான் ஒன்றையும் மிதிக்கவில்லை,
புல் பின்னால் போனது.
"இமாஸ், நான் ஒண்டும் செய்யல்ல!"
"அது அப்பிடித்தான்கா. அது போகத்தான் பாக்கும்.
நிப்பாட்டுறதுதான் உங்கட வேலை."

மிதிக்காமல் நகர்ந்த எதையும்
அதுவரை நான் கண்டதில்லை,
வட்டியைத் தவிர.

ஆறாம் கிழமை.
பின் சீட்டில் நாற்பத்திரண்டு பள்ளிச் சட்டைகள்,
எழுவான்கரையில் தைத்தவை,
படுவான்கரைக்குப் போகிறவை.
வலையிறவுப் பாலத்தைத் தாண்டினோம்.
விடிந்தும் விடியாத நேரம்.
தார் ரோட்டின் நடுவில்
சூடு பிடித்துக்கொண்டு படுத்திருந்தது ஒரு சிவலைப் பசு,
அசை போட்டபடி,
எங்களை ஒரு தரம் பார்த்து,
போதுமென்று கண்ணை மூடிக்கொண்டது.

பின்னால் பஸ் குழறியது.
"நீங்களும் அடிங்கக்கா ஹோன."
அடிக்கவில்லை.
பிரேக்கை அழுத்தியபடி இருந்தேன்.
உள்ளங்காலுக்குக் கீழே
கார் நடுங்கிக்கொண்டிருந்தது, போகவென்று.
எனக்கு அந்த நடுக்கம் தெரியும்.
கொலரின் மூலை வரும்போது
ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு
பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்புவோமே,
அந்த இடம்.
அப்போது எதுவும் ஓடாது.
தையல் முடிந்துவிட்டதென்றும் இல்லை.

பசு எழுந்தது.
முதலில் பின்னங்கால், பிறகு முன்னங்கால்.
அவசரமில்லாமல் வாலால் ஒரு ஈயை அடித்துவிட்டு
வயல் பக்கம் இறங்கியது.
கீழே பார்க்கக்கூடாது என்று அவன் சொல்லியிருந்தும்
பார்த்தேன்.
இடது கால்
எப்போதோ செருப்பைக் கழற்றிவிட்டு
விரல்களை விரித்துக்கொண்டு
சாப்பாடு முடிந்த விருந்தாளி மாதிரி
ஓரமாய் இருந்தது.
எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

பள்ளிக்கூட வாசலில் நிறுத்தினேன்.
நேராக, கோட்டுக்குள், ஒரே தடவையில்.
இமாஸ் கேட்டைத் திறக்க இறங்கிப் போனான்.
எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை,
நானும் இறங்கினேன்,
தாவணியைச் சரிசெய்கிறவள் மாதிரி
சாரிக் கரையை உதறினேன்.

"பீ போடுங்கக்கா! பீ! பீ!"

திரும்பிப் பார்த்தேன்.
நாற்பத்திரண்டு சட்டைகளோடு
என் கார்
என்னை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குள்
போய்க்கொண்டிருந்தது.

மெதுவாகத்தான்.